போகும்போது மட்டும் நின்ற வண்டி

போன வாரம் ஒரு காலையில், என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண் தொலைபேசியில் அழைத்தாள். பட்டு நிறுவனத்தின் அலுவலகத்தை அவளிடம் ஒப்படைத்துவிட்டு வந்து எனக்கு அதிக காலம் ஆகவில்லை. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, எந்த வாடிக்கையாளருக்கு எப்படிக் கடிதம் எழுதவேண்டும் என்று அவ்வப்போது கேட்பாள். அன்று குரலில் பதற்றம் இருந்தது.

"மேடம், புது வண்டி கெளம்புனதுலேருந்து மணி அடிச்சிக்கினே இருக்குதுன்னு டிரைவர் போன் பண்றாரு. கம்பெனில கேட்டா சென்சார் மாத்தணும், வண்டிய விட்டுட்டுப் போங்கன்றாங்க. முதலாளி ஒண்ணுமே சொல்ல மாட்றாராம், சும்மா உக்காந்துக்கினு வராராம். நம்பி விடற மாதிரி மெக்கானிக் யாராவது உங்களுக்குத் தெரியுமா? பழைய வண்டிய நீங்கதான பாத்துக்கினீங்க?"

அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முன்னால் அந்தப் பழைய வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் பணிக்காலத்தில் கடிதங்கள் எழுதினேன், விருந்தினரை வரவேற்றேன், நெசவாளர்களின் குறைகளைக் கேட்டு முதலாளியிடம் கொண்டுபோனேன். அவற்றையெல்லாம் திரும்ப எண்ணிப் பார்க்கும்போது மனம் அமைதியாகத்தான் இருக்கிறது. அந்த வண்டியை நினைக்கும்போது மட்டும் அப்படி இருப்பதில்லை. இன்றைக்கும் பேருந்தில் போகையில், மழையில்லாத நேரத்தில் ஓட்டுநர் கண்ணாடி துடைக்க வைப்பரை ஓட்டினால், என் கை முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது.

தட்டச்சுப் பணிக்குச் சேர்ந்தவள் நான். ஆங்கிலக் கடிதங்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்ததால் அலுவலகம் முழுவதும் மெல்ல மெல்ல என் மேசைக்கு வந்து சேர்ந்தது. வண்டியும் அப்படித்தான் வந்தது. கருநீல நிறத்தில், கப்பல் போல நீண்ட ஜெர்மன் கார். வியாபாரம் செழித்திருந்த காலத்தில் முதலாளி வாங்கியது. கடைக்குப் பின்னால், முன்பு சாயம் காய்ச்சிய கொட்டகையில் அது நின்றது. புதிதாக இருந்தவரை சென்னைப் பணிமனையிலிருந்து வண்டிக்குப் பிறந்தநாள் வாழ்த்தெல்லாம் வந்துகொண்டிருந்தது. வயதானதும் வாழ்த்து நின்றது. பிறகு, இந்த வகை வண்டிக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிது என்று பணிவான ஒரு கடிதம் வந்தது. வண்டியோடு வந்த கையேட்டை நான் மதிய வேளைகளில் அகராதி வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். பனி கொட்டினால் என்ன செய்வது என்பதற்குப் பல பக்கங்கள் ஒதுக்கியிருந்தார்கள். காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலுக்கு ஒரு பத்தியும் இல்லை.

முதலாளியின் சுபாவத்தையும் இங்கே சொல்லவேண்டும். அதிகம் பேசாதவர். நெசவாளர் சேலையைக் கொண்டுவந்து விரித்தால் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். உடலும் கரையும் சேருகிற கோர்வையின்மேல் இரண்டு விரல்களை வைத்து, முந்தானையிலிருந்து மறுகோடிவரை மெல்ல நடத்திக்கொண்டு போவார். விரல் எங்காவது நின்றால், கொண்டுவந்தவரின் மூச்சும் அங்கே நின்றுவிடும். ஆனால் யார் செய்தது, ஏன் கவனிக்கவில்லை என்று அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை. "எங்க ஆரம்பிக்குது?" என்பார். அவ்வளவுதான். குறை கண்ணுக்குத் தெரிகிற இடம் வேறு, அது தொடங்கிய இடம் வேறு. இழை தளர்ந்தது ஒரு முழம் முன்னாலேயே இருக்கும். நெசவாளரும் அவருமாக அந்த இடத்தைத் தேடுவார்கள். கண்டுபிடித்த பிறகு அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. மற்ற கடைகளில் திட்டு வாங்கியவர்களைவிட, எங்கள் கடையில் அந்தக் கேள்வியை எதிர்கொண்டவர்கள்தான் அதிகம் பயந்தார்கள்.

வண்டியின் முதல் பெரிய தொல்லை அதன் கால்களில் வந்தது. அந்தக் காருக்கு இரும்புச் சுருள்களுக்குப் பதில் காற்றுப் பைகள். அதனால்தான் பள்ளத்தில் இறங்கினாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ஒருநாள் காலை வந்து பார்த்தால், ஒட்டகம் மண்டியிட்டது போல வண்டி ஒருபக்கமாகத் தரையில் உட்கார்ந்திருந்தது. ஓட்டுநர் ஏழுமலை தலையில் கை வைத்தார். "அக்கா, இது எழுந்திருக்க மாட்டேன்னு சொல்லுது. கைய குடுத்துத் தூக்கவா முடியும்?"

சென்னைச் சாலையில் பெரிய பெயர்ப்பலகை வைத்திருந்த ஒருவரை வந்து பார்க்கச் சொன்னோம். காற்றை நிரப்பும் பம்பு போய்விட்டது, மாற்றவேண்டும் என்றார். வண்டியை அவர் பணிமனைக்கு அனுப்புவதற்கு முன் எனக்கு ஏதோ தோன்றி, கடையிலிருந்து ஒரு சிவப்புப் பட்டு இழையை எடுத்து, அதைப் பம்பின் அடிக்காலில் கட்டிவிடும்படி ஏழுமலையிடம் சொன்னேன். வண்டி நிமிர்ந்து திரும்பி வந்தது. புதுப் பம்பு போட்டாயிற்று என்றார்கள். ஏழுமலை அடியில் படுத்து எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு வெளியே வந்தார். "அக்கா, புதுப் பம்புலயும் நம்ம கடை நூலு கட்டிக்கினு இருக்குது."

அடுத்த மாதமே வண்டி மறுபடியும் உட்கார்ந்தது. முதலாளி என்னைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் யோசித்தேன். குறை பம்பில் ஆரம்பிக்கவில்லை, ஆளைத் தேடிய விதத்தில் ஆரம்பித்திருந்தது. யார் பெரியவர், யாரிடம் வண்டிகள் அதிகம் நிற்கின்றன என்றுதான் அதுவரை விசாரித்திருந்தோம். அந்த வாரம் நான் உதிரிபாகக் கடைக்குப் போய் வேறு ஒன்றைக் கேட்டேன். உங்களிடம் வாங்கிய சாமானை அதிகம் திருப்பிக் கொண்டுவருகிற மெக்கானிக் யார்?

கடைக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. "அதயேம்மா கேக்கறீங்க. எபினேசர்னு ஒருத்தன், வாலாஜாபாத் ரோட்டுல ஷெட் போட்டுக்கினு இருக்கான். நாலு சாமான் வாங்கினா மூணு திரும்பி வந்துரும். இது காரணமில்லண்ணா, வேற கம்ப்ளெயின்ட்டுன்னு சொல்லுவான். அவன் வந்தாலே எனக்கு வவுறு எரியுது."

தேவையில்லாததை வண்டியில் பொருத்திவிடாமல், வெட்கம் பார்க்காமல் திருப்பிக் கொடுக்கிற ஆள். மறுநாளே போனோம்.

எபினேசர் நாற்பது வயதுக்காரர். சென்னையில் ஒரு பெரிய பணிமனையில் வேலை பார்த்தவர். மனைவிக்கு இங்கே செவிலியர் வேலை கிடைத்ததால் ஊர் திரும்பி, தகரக் கூரைக்குக் கீழே தனியாகத் தொழில் நடத்தினார். காற்றுக் குழாயில் ஊசித்துளை அளவு ஓட்டை இருப்பதைச் சோப்பு நுரை தடவிக் கண்டுபிடித்தார். பழைய குழாயைக் கேட்காமலேயே ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். அதன்பின் அந்த வண்டிக்கு வேறு யாரையும் நாங்கள் தேடவில்லை.

சில ஆண்டுகள் கழித்து முதலாளியின் மனைவி ருக்மணி அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. நோய் முதுகெலும்பில் இருந்தது. மருந்தேற்றிய மாதங்களில் முடி கொட்டியது. பிறகு கதிர்வீச்சு சிகிச்சை. வார நாட்களில் தினமும் சென்னைக்குப் போய்வர வேண்டும், இடையில் விட்டுப்போகக் கூடாது என்று மருத்துவர் அழுத்திச் சொல்லியிருந்தார். சென்னையிலேயே மகன் வீட்டில் தங்கச் சொன்னார்கள். அம்மா மறுத்துவிட்டார். வாடகைக் கார் ஒன்றில் ஒருநாள் போனார். பொன்னேரிக்கரை தாண்டுவதற்குள் வலியில் உதட்டைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்கிறேன் என்றார் மகன். "அதுல ஏறுனா நான் நோயாளி ஆயிடுவேன்பா. நம்ம வண்டில போனா ஊருக்குப் போறவ" என்றார் அம்மா. காற்றுப் பைகளின்மேல் மிதந்த அந்தப் பழைய வண்டியின் பின் இருக்கை, அதுவும் இடதுபக்கம், அவருக்கு வலிக்காத ஒரே இடமாக ஆகிவிட்டது. நான் துணைக்குப் போனேன். மருத்துவமனைக் கோப்புகளோடு ஏழுமலைக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்துகொள்வேன்.

சிகிச்சை தொடங்கிய சில நாட்களில் அது நடந்தது. மேகமே இல்லாத வானம். சுங்குவார்சத்திரம் தாண்டி ஓடிக்கொண்டிருந்தோம். யாரும் தொடாமல் வைப்பர் ஒருமுறை எழுந்து, காய்ந்த கண்ணாடியைக் கீறிக்கொண்டு போய்த் திரும்பிப் படுத்தது.

"மழை வருதா மங்கை?" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"இல்லம்மா."

அடுத்து விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. என் பக்கத்துக் கண்ணாடி தானாக இறங்கியது. எஞ்சின் அடங்கிவிட்டது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கியது. எஞ்சின் இல்லாத அந்த வண்டியின் ஸ்டியரிங், ஆட்டுக்கல்லைச் சுற்றுவது போலக் கனக்கும். ஏழுமலை இரண்டு கைகளாலும் அதை இழுத்து ஓரத்துக்குக் கொண்டுவந்தார். லாரி உரசாமல் கடந்துபோனது. வெயிலில் நின்றோம். ஒருமணி நேரத்துக்கு மேல் எந்த முயற்சிக்கும் அசையாத வண்டி, பிறகு ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. மருத்துவமனையில் அன்றைய முறை முடிந்துவிட்டிருந்தது. கெஞ்சியபின், எல்லோருக்கும் கடைசியாக அம்மாவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

எபினேசர் கணினியைச் சொருகிப் பார்த்தார். வண்டியில் இருக்கிற அத்தனை உறுப்புகளும் கெட்டுவிட்டதாக அது சொன்னது. "எல்லாமே ஒரே நாள்ல கெடாது மேடம். இது பொலம்புது, அவ்ளோதான்" என்றார். மின்கலத்தை மாற்றிப் பார்த்தார். எஞ்சினின் ஓட்டத்தை அளக்கும் கருவியை மாற்றிப் பார்த்தார். வண்டி இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் வழியில் நின்றது. அவர் மாற்றியதைக் கழற்றி, கடைக்காரரின் வயிற்றெரிச்சலைச் சம்பாதித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குத் தெரியல மேடம்" என்றார் என்னிடம்.

"எப்பத் தெரியும்?"

"அதுவும் தெரியல."

உண்மை பேசுகிறவர் என்றுதான் அவரைத் தேர்ந்தோம். ஆனால் அந்த நாட்களில் அவருடைய உண்மை எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. ஆளை மாற்றுங்கள் என்று மகன் தினமும் அழைத்துச் சொன்னார். பொய்யாவது சொல்லி நம்பிக்கை கொடுக்கிற இன்னொருவரிடம் போகலாமா என்று நானும் ஒருநாள் நினைத்தேன். காலையில் வண்டியில் ஏறியதிலிருந்து என் கண் சாலையில் இருக்காது, வைப்பரின்மேல் இருக்கும். அது லேசாக அதிர்ந்தாலே, "ஆரம்பிச்சிருச்சா அக்கா?" என்று ஏழுமலை வாய்க்குள் கேட்பார். பின்னால் அம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்று நான் தலையை மட்டும் அசைப்பேன். அவருக்குக் கேட்டுத்தான் இருந்தது. "ரெண்டு பேரும் முன்னாடி உக்காந்துக்கினு என்னா ரகசியம்? வைப்பரப் பாத்து வேண்டிக்கிறீங்களா?" என்பார்.

இப்படிப் பார்த்துக்கொண்டே போய்வந்ததில்தான் ஒன்று எனக்குப் புலப்பட்டது. போகும்போது நிற்கிறது. வரும்போது ஒருநாளும் நின்றதில்லை. அதிலும் வீட்டில் நேரமாகி அவசரமாகக் கிளம்பிய நாட்களில்தான் நிற்கிறது. எபினேசரிடம் சொன்னேன். தொலைபேசியிலேயே எந்தெந்த நாட்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"அப்டின்னா கோளாறு ரோட்டுல இல்ல மேடம். காலைல இருக்குது. நாளைக்கு வெடியறப்போ அங்க வந்துர்றேன். ஏழுமலை அண்ணன் தெனமும் இன்னா செய்வாரோ அத அப்டியே செய்யச் சொல்லுங்க. நான் வர்றேன்னு எதையும் மாத்த வேணாம்."

மறுநாள் விடியலில் சாயக் கொட்டகையில், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய செம்பு அண்டாவின்மேல் எபினேசர் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். ஏழுமலைக்குக் கூச்சம். "பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி உக்காந்துக்கினு இருக்கியேபா" என்றார். பிறகு வேலையை ஆரம்பித்தார்.

அந்த வேலையை நான் எத்தனையோ முறை பார்த்திருந்தேன். அன்றுதான் இன்னொருவர் கண்ணால் பார்த்தேன். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் இரண்டும் படுத்திருக்கும் இடத்தில், முந்தைய நாள் சாத்திய துளசி மாலை வாடிக் கிடந்தது. பெருமாள் கோயில் மாலை. சுவாமிக்கு எங்கள் கடையிலிருந்து பட்டு போவதால், சாத்திக் களைந்த துளசி மாலை ஒன்று தினமும் முதலாளி வீட்டுக்கு வரும். முன்பெல்லாம் அது பூஜையறையில் இருக்கும். அம்மாவுக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து, அவர் போய்வருகிற வண்டிக்குக் காவலாக இருக்கட்டும் என்று முதலாளி அதை வண்டிக்குச் சாத்தச் சொல்லியிருந்தார். ஓராண்டுக்கும் மேலாக, மருத்துவமனைக்குப் போனாலும் போகாவிட்டாலும், ஒருநாளும் தவறியதில்லை. ஏழுமலை பழைய மாலையைக் கண்ணில் ஒற்றி எடுத்தார். வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் வாரி வாரி ஊற்றினார். கோயிலிலிருந்து அப்போதுதான் வந்த ஈர மாலையை, நீர் சொட்டச் சொட்ட, வைப்பர்களுக்குள் செருகினார்.

எபினேசர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "அண்ணே, இன்னொரு தபா ஊத்துங்க."

"எதுக்குபா?"

"ஊத்துங்க."

ஏழுமலை ஊற்றினார். எபினேசர் மண்டியிட்டு, கன்னம் தரையில் படுமளவு குனிந்து, வண்டிக்கு அடியில் முன்சக்கரத்தின் பின்புறத்தைப் பார்த்தார். நானும் குனிந்தேன். முகப்பிலும் பக்கங்களிலும் வழிந்த தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்த்த இடம் மட்டும் உலர்ந்திருந்தது.

"கண்ணாடியில ஊத்துன தண்ணி இந்த எடத்துலதான் எறங்கணும் மேடம்" என்றார். "எங்க போச்சி?"

ஏழுமலை கையை விட்டு அந்தத் தரையைத் தடவிப் பார்த்தார்.

வைப்பர்களுக்குக் கீழே சல்லடை போல ஒரு கருப்புத் தட்டு உண்டு. அதைக் கழற்றித் தூக்கினார். கோயிலில் களைந்த பூக்களைக் கொட்டும் மூலையின் வாசனை எழுந்தது. உள்ளே, தண்ணீர் வடிகிற ஓட்டையை மூடிக்கொண்டு, கருத்த சேறு. அவர் விரலால் கிளறியதும் வாழைநார் நூல் நூலாக வந்தது. ஓராண்டு காலத் துளசி, இலை இலையாக உதிர்ந்து, சல்லடை வழியே இறங்கி மக்கியிருந்தது. வடிய வழியில்லாத தண்ணீர் பக்கத்துப் பெட்டிக்குள் புகுந்திருந்தது. வண்டியின் மூளை என்று எபினேசர் சொல்லும் பெட்டி அதுதான். உள்ளே மின்கம்பிகள் சேரும் ஊசிகளின்மேல் பச்சைக் களிம்பு. போகிற வழியில் பிரேக் போடும்போது தண்ணீர் அலைந்து அவற்றைத் தொடும்; ஊற்றிய கையோடு அவசரமாகக் கிளம்பிய நாட்களில் அது கசிந்து குறைந்திருக்காது. எஞ்சின் சூட்டில் நாள் முழுவதும் காய்ந்தபின், திரும்பி வரும்போது ஒன்றும் நடக்காது. மழையே இல்லாத மாதத்தில் தண்ணீரை யார் சந்தேகிப்பார்கள்?

அந்தச் சேற்றின் நடுவில், வெளிச்சமே படாமல் வெளுத்து, நூல் போல நீண்டு, ஒரு துளசிக் கன்று முளைத்திருந்தது.

ஏழுமலை என்னிடம் நெருங்கி வந்தார். "எலி கொண்டாந்து வெச்சிச்சின்னு சொல்லிடலாம் அக்கா. எலி குப்பைய இட்டாந்து அடைச்சிருச்சின்னு சொல்லிடுங்க. மாலைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவரு தாங்க மாட்டாரு."

எபினேசர் என்னைத் தனியே அழைத்தார். "மேடம், நான் கிறிஸ்டியன். சாமி மாலையாலதான் வண்டி நின்னுச்சின்னு என் வாயால சொன்னா அது வேற மாதிரி பூடும். நீங்களே சொல்லிடுங்க."

எலி என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது உண்மை. மனைவியைக் காப்பதற்காக ஒருவர் வைத்தது, நடுச்சாலையில் லாரிக்கு முன்னால் அவரை நிறுத்தியது என்பதை எந்த வாக்கியத்தில் அடக்குவது? கடிதம் எழுதியே காலம் கழித்தவள் நான். எனக்கு ஒரு வாக்கியமும் அமையவில்லை. ஆனால் எலி என்று சொன்னால் நாளைக்கும் மாலை அங்கேதான் வரும்.

அதற்குள் முதலாளியே கொட்டகைக்கு வந்துவிட்டார். திறந்து கிடந்த வண்டியைப் பார்த்தார். கழற்றிய தட்டின்மேல் எபினேசர் எடுத்து வைத்திருந்த புது மாலையைப் பார்த்தார். சேற்றுக்குள் இரண்டு விரல்களை விட்டு, கோர்வையில் நடத்துவது போல மெல்ல நடத்தினார். விரல்கள் கன்றினருகே நின்றன.

"எங்க ஆரம்பிக்குது?"

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் சொல்லவேண்டும்.

"மாலையில ஆரம்பிக்குதுங்க ஐயா. உதிர்ந்த துளசி தண்ணி போற வழிய அடைச்சிடுச்சி."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாலையில இல்லம்மா" என்றார் பிறகு. "என் கையில ஆரம்பிக்குது."

அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. ஈர மாலையை எடுத்துக் கையில் ஏந்திக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல ஓரமாக நின்றார். வேட்டியில் நீர் சொட்டியது. பார்க்க முடியாமல் நான், கடையை ஒட்டியிருந்த அவர்கள் வீட்டுக்குள் போனேன்.

சிகிச்சைக்குப் போயாக வேண்டுமே என்ற கவலை அப்போதுதான் மீண்டும் வந்து கவ்வியது. பெட்டி காயவேண்டும். நடந்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவர் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அலமாரியிலிருந்து மருமகள் வாங்கித் தந்த முடி உலர்த்தும் கருவியை எடுக்கச் சொன்னார். "எடுத்துக்கினு போ மங்கை. என் தலையிலதான் இப்ப இதுக்கு வேல இல்ல. வண்டிக்காவது ஆவட்டும்."

எபினேசர் ஊசி ஊசியாகத் துடைத்து, அந்தக் கருவியால் காயவைத்தார். வடிகாலில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். சக்கரத்துக்குப் பின்னால் தாரையாக இறங்கியது. "இன்னிக்கு நானும் கூட வரேன்" என்று கைகழுவிவிட்டு முன் இருக்கைக்குப் போனார். கன்றை ஒரு எண்ணெய் டப்பாவில் நட்டு ஓரமாக வைத்திருந்தார். "அத இன்னாபா பண்ணப் போற?" என்றார் ஏழுமலை. "ஷெட்டுல வெச்சிக்கிறேன் அண்ணே. யாராவது கேட்டா இருமலுக்குன்னு சொல்லிடறேன்."

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். முதலாளி இன்னும் மாலையோடு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அம்மா பின் இருக்கையில் தன் இடத்தில் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கையை வெளியே நீட்டினார்.

"அத எதுக்கு வண்டிக்குப் போடறீங்க? ஊருக்குப் போறவ நான் இல்லையா? இப்படிக் குடுங்க."

அவர் கொடுத்தார். அம்மா அதைத் தன் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டார். புடவை நனைந்ததை இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அன்று பொன்னேரிக்கரையிலிருந்து மருத்துவமனை வாசல்வரை எபினேசரும் ஏழுமலையும் வைப்பரைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் இருவருடைய தோள்களுக்கும் நடுவே நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுங்குவார்சத்திரம் வந்தபோது ஏழுமலை ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். சுங்குவார்சத்திரம் போயிற்று. வைப்பர் அசையவில்லை. வண்டிக்குள் துளசி மணந்தது.

சிகிச்சை முழுவதும், ஒரு முறையும் விடாமல் முடிந்தது. மாலை தினமும் அம்மாவின் மடியில் போய்வந்தது. அதன்பின் சில ஆண்டுகள் நல்லபடியாக இருந்தார். அவர் போன பிறகும் கோயிலிலிருந்து மாலை வருவது நிற்கவில்லை. முதலாளி அதைக் காலையில் தானே கொண்டுபோய், பழைய வண்டியின் பின் இருக்கையில், இடதுபக்கம் வைத்துவிட்டு, வலதுபக்கம் தான் உட்கார்ந்துகொள்வார். ஏழுமலையும் நானும் அதைப் பற்றி எங்களுக்குள்கூடப் பேசிக்கொண்டதில்லை. நான் ஓய்வு பெற்ற சில நாட்களில் அந்த வண்டியும் ஓய்வு பெற்றது. மின்சாரக் கார் வந்தது. ஏழுமலைக்குப் பதில் இளைஞர் ஒருவர் வந்தார்.

அதனால்தான் அந்தப் பெண் அழைத்தபோது நான் மெக்கானிக்கின் பெயரைச் சொல்லவில்லை. "வண்டியில யார் யார் இருக்காங்கன்னு டிரைவரக் கேளு" என்றேன்.

அவள் இன்னொரு தொலைபேசியில் கேட்டுவிட்டு வந்தாள். "முதலாளி மட்டும்தான் மேடம். பெல்ட் போட்டுக்கினுதான் இருக்காராம்."

"அவருக்குப் பக்கத்துல?"

"யாரும் இல்ல மேடம். கோயில் மாலை மட்டும் இருக்குதாம். பெரிய மாலை, நல்ல வெயிட்டாம். எடுத்து டிக்கில வெச்சிடச் சொல்லவா?"

யாராவது உட்கார்ந்தால் கனத்தை வைத்து அறிந்துகொண்டு, பெல்ட் போடவில்லை என்று மணியடிக்கும் வண்டி அது. கம்பெனிக்காரர்கள் சொன்னது தவறு. அதன் சென்சாரில் ஒரு குறையும் இல்லை.

"எடுக்க வேணாம்" என்றேன். "அந்தப் பக்கத்துப் பெல்ட்டப் போட்டுவிடச் சொல்லு."